கிளச்சு: நில்

எங்கள் கம்பெனியின் நிலை உத்தரவுகளில், வாகனங்கள் பற்றிய பகுதியின் ஒன்பதாம் பத்தி சொல்வது இது: வண்டி எதுவும் பழுதானால், ஓட்டுநர்மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன்னால், பழுதான பாகத்தைப் பட்டறை மேஸ்திரி திறந்து பார்த்து, கண்டதை எழுத்தில் தர வேண்டும். அந்தப் புத்தகத்தோடு நான் முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவன். அதில் ஒரே வாசிப்பில் புரிகிற பத்திகள் மிகச் சில. ஒன்பதாம் பத்தி அவற்றில் ஒன்று. அதனால்தானோ என்னவோ, தேவைப்பட்ட அன்று அது யாருக்கும் பயன்படவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கம்பெனி திருவொற்றியூரில், கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருந்தது. தலைமை அலுவலகம் கல்கத்தாவில். நான் வாகனப் பிரிவு குமாஸ்தா. பட்டறை ஆட்கள் வாயில் ‘ரைட்டரு’. ஆறு லாரி, ஒரு வேன், இவற்றின் பிறப்பு, வளர்ப்பு, மருத்துவம், மரணம் அத்தனையும் என் பதிவேட்டில். அந்த வருஷம் மேலாளரான பெரிய துரைக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு கார் கப்பலில் வந்து இறங்கியது. துறைமுகத்துக்குப் போய் அதை ஒப்புக்கொண்டு வந்தவனும் நான்தான்.

ஒப்புக்கொள்வதற்கு ஒரு படிவம் உண்டு. இடது பக்கம் பாகங்களின் பெயர்கள் அச்சாகியிருக்கும். அடுத்த கட்டம் ‘வந்தபோது’. அதற்கடுத்தது ‘இப்போது’. லாரிகளை மனதில் வைத்து யாரோ அச்சடித்த படிவம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. துறைமுகக் கொட்டகையில் உட்கார இடமில்லை. முதல் வரியில் ‘ஒன்று’ என்று எழுதி, அதன்கீழ் கடைசி வரிவரை டிட்டோ போட்டேன். டிட்டோ போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. கை ஒரு தாளத்துக்கு வந்துவிடும். கண் கூடப் போக வேண்டியதில்லை. ‘கிளச்சு’ என்ற வரிக்கும் ஒரு டிட்டோ விழுந்தது.

காரில் கிளச்சு மிதி கிடையாது. கியரும் கையால் மாற்ற வேண்டியதில்லை, தானே மாறிக்கொள்ளும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் தண்டு, அதைத் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் போகும். இந்த அதிசயத்தை ஓட்ட, வேன் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரைக் கொடுத்தார்கள். ராயபுரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். யுத்த காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பதிவேட்டிலேயே இருந்தது. லாரிகளுக்கெல்லாம் வருஷத்துக்கொரு கிளச்சுத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, இவர் கையிலிருந்த வேன் ஆறு வருஷமாகக் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே தட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் ரகசியத்தைத் தண்டையார்பேட்டைப் பக்கத்து ரயில்வே கேட்டில் பார்க்கலாம். துறைமுகத்துச் சரக்கு வண்டிகளுக்காகக் கேட்டைச் சாத்தினால் அரைமணி நேரம் நிச்சயம். மாட்டு வண்டி, ஜட்கா, மீன்கூடை, சைக்கிள், லாரி எல்லாம் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். கேட் எழும்பத் தொடங்கியதும், முழுசாக எழும்ப விடாமல், எல்லா லாரிகளும் எஞ்சினை அலறவிட்டுக் காலை வெடுக்கென்று எடுத்துப் பாயும். பாய்ந்து பத்தடி போய், முன்னாலிருக்கும் மாட்டு வண்டியின் பின்னால் நிற்கும். எங்கும் கருகிய வாசனை. இவர் மட்டும் கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“போறவன் போட்டும் ரைட்டரே. அந்தாண்ட டோல்கேட்ல அல்லாரும் ஒண்ணாத்தானே நிக்கப் போறோம்.”

புதுக் காரில் முதல் வாரம் அவருக்குச் சோதனை. ஆறு வருஷத்துப் பழக்கத்தில் இடது கால் கிளச்சைத் தேடும். அகலமான பிரேக் அகப்படும். ஒரே மிதியில் பெரிய துரை முன் சீட்டுக்கு வந்துவிடுவார். பிறகு இடது காலைச் சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொண்டார். “ஒரு காலு வேலைக்கி, ஒரு காலு லீவுல” என்பார்.

காருக்கு உண்மையான ஆபத்து சின்ன துரை உருவத்தில் வந்தது. உதவி மேலாளர். இருபத்தைந்து வயது வெள்ளைக்காரப் பையன். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, பொறுமையும் கிடையாது. துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் கேட் அருகில் வந்ததும் டிரைவரை நகரச் சொல்லித் தாமே ஸ்டியரிங் பிடிப்பார். இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் ஆக்சிலேட்டரை மிதித்து, காரை நடுங்க வைத்துக்கொண்டு காத்திருப்பார். கேட் எழும்பியதும் பிரேக்கை விடுவார். கார் வில்லிலிருந்து புறப்பட்டதுபோல் போகும். காகிதக் கட்டோடு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் குப்புறவும் மல்லாக்கவும் பயணம் செய்வேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பல் பிடுங்கப்படும் குழந்தையின் தகப்பன்போல் முகத்தை வைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பட்டறை மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். அவர் தம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினார்.

“லாரில இன்னா, ரெண்டு தட்டு. இப்பிடி ஒட்டும், இப்பிடி வுடும். அவசரத்துல ஒரசவுட்டீன்னா தேயும், தீஞ்சி நாறும். டபால்னு வுட்டீன்னா பல்லு ஒடையும். எது போச்சின்னு தெரியும், மாத்திக்கலாம். இதுல கண்ணுக்குத் தெரியாம எண்ணெய்தான் தள்ளுது. வண்டிய நவுர வுடாம எஞ்சின மெரட்டுனா அந்த வேகம்லாம் எங்க போவும்? எண்ணெய்ல சூடா எறங்கும். எண்ணெய் தீயும். அப்பால உள்ள கீறது ஒண்ணொண்ணா வழுக்கும்.”

“சின்ன துரையிடம் சொல்லேன்.”

“நீ சொல்லு ரைட்டரே, இங்கிலீசு உன்னாண்டதானே கீது.”

நான் சொல்லவில்லை. மேலதிகாரி வண்டி ஓட்டும் முறைபற்றி குமாஸ்தா கருத்துத் தெரிவிக்கப் படிவம் ஏதும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, டிரைவர் பெரிய துரை வீட்டுக்குப் புறப்பட்டார். எஞ்சின் கத்தியது; கார் நடந்து போகிறவனைவிட மெதுவாக நகர்ந்தது; வாசல் தாண்டி நின்றே விட்டது. நாலுபேர் தள்ளிப் பட்டறைக்குள் கொண்டுவந்தோம். மேஸ்திரி எண்ணெய் அளவுகோலை உருவி, என் மேஜையிலிருந்து மை உறிஞ்சும் ஒற்றுத்தாள் ஒன்று வாங்கி அதில் துடைத்தார். கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டிய எண்ணெய் கஷாயம்போல் இருந்தது. எரிந்த வாசனை. கியர் பாக்ஸைத் திறக்க அவர் ஸ்பேனரை எடுத்தார். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி, கல்கத்தா அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்று நான் தடுத்தேன். விதி அப்படி. விதியைச் சொன்ன திருப்தியோடு பழுது அறிக்கையை எழுத உட்கார்ந்தேன்.

அதே படிவம். ‘இப்போது’ என்ற கட்டத்தில் இந்த முறை டிட்டோ போடாமல், கண்ணைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு வரியாக உண்மையை எழுதினேன். கிளச்சு வரி வந்தது. இந்தக் காரில் ஏது கிளச்சு? ஆங்கிலத்தில் ‘நில்’ என்று எழுதினேன். இல்லை என்று பொருள்.

மூன்றாவது வாரம் கல்கத்தாவிலிருந்து உத்தரவு வந்தது. வண்டி துறைமுகத்தில் இறங்கியபோது கிளச்சு ஒன்று, இப்போது இல்லை. இது பழுது அல்ல, இழப்பு. ஆகவே ஒன்பதாம் பத்தி இதற்குப் பொருந்தாது. இருபத்திரண்டாம் பத்தி பொருந்தும். வண்டி பொறுப்பிலிருந்த ஓட்டுநர், திருட்டுச் சந்தேகத்தின்பேரில் உடனே தற்காலிகமாக வேலைநீக்கி வைக்கப்பட வேண்டும். விசாரணை முடியும்வரை தினமும் காலை எட்டு மணிக்கு வாசல் காவலரிடம் கையெழுத்திட வேண்டும். வேறெங்கும் வேலை செய்யக்கூடாது.

அந்தக் காகிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியவனும் நான்தான். வாசல் அருகில் வைத்துப் படித்தேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

“இன்னா எழுதுன நீ?”

“கிளச்சு, நில்.”

“நில்லுன்னா? நின்னுக்கினுதானே கீது வண்டி?”

“அது இங்கிலீஷ் ‘நில்’. இல்லைன்னு அர்த்தம்.”

“இல்லாதத்த இல்லைன்னு எழுதுனா, அவன் காணோம்னு படிச்சானா?” ஒரு கணம் சிரிக்கப் போனார். பிறகு திருட்டு என்ற சொல் உள்ளே போய்ச் சேர்ந்தது. “நா திருடிக்கினேன்றானா?”

நான் என் டிட்டோவைப் பற்றியும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

“மொத வாரம் ரெண்டு வாட்டி நானும் தப்பு பண்ணேன் ரைட்டரே. கேட்டாண்ட நூட்ரல்ல போட்டு, எஞ்சின உறுமவுட்டு, டகார்னு தண்ட தள்ளிட்டேன். லாரி நெனப்பு. முதுவுல ஒதை வாங்குனாப்புல குதிச்சிது. அப்பால அத்த செய்யல. அத்தயும் எழுதிக்க. வண்டிய கெடுத்தவன்னு எழுது, கையெழுத்து போடறேன். திருடன்னு மட்டும் எழுதாத நைனா.”

அந்தப் பக்கத்தில் வண்டியைக் கெடுத்த டிரைவருக்கு வேறு வேலை கிடைக்கும். யார்தான் கெடுக்கவில்லை? சாமான் திருடியவன் என்று பெயர் வந்தால், ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஒரு லாரி முதலாளியும் சாவியைக் கையில் தரமாட்டான். அவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் லாரிக்காரர்கள் கூடும் இடம். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அங்கே போனால் பெஞ்சிலிருந்து வரவேற்பு எழும்.

“வா மாமு! கிளச்ச மூர் மார்க்கெட்ல எவ்ளோக்கு தள்ளுன?”

“டேய், வண்டில இல்லாத சாமானையே இஸ்துகினு போனவரு. உன் டிபன் பாக்ஸ ஜாக்ரதயா வெச்சிக்க.”

“இல்லாததத் திருட தனி தெறமை வோணும்பா.”

முதல் மாதம் அவரும் பதில் சொன்னார். “ஆமா, உன் மூளையக்கூட நாந்தான் எடுத்துக்கினேன்” என்பார். இரண்டாவது மாதம் டீயை வாங்கிக்கொண்டு வெளியே நின்று குடித்தார். அப்புறம் டீக்கடைக்கே போகவில்லை. ஐப்பசி மழையில் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டு, திரும்பிப் போவதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.

நான் சும்மா இருக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். முதல் கடிதத்தில் இரண்டு பதிவுகளும் என் பிழை என்று ஒப்புக்கொண்டேன். கல்கத்தா பதில் எழுதியது: இரண்டு பதிவுகளும் ஒருவர் கையெழுத்திலேயே இருப்பதால், அவற்றைப்பற்றி அவரே தரும் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல. இரண்டாம் கடிதத்தில், ரயில்வே கேட்டில் காரை யார் எப்படி ஓட்டினார்கள் என்று கண்ணால் கண்டபடி எழுதினேன். டிரைவர் சொல்லச் சொன்ன அந்த இரண்டு தடவையையும் சேர்த்தேன், அவரே வற்புறுத்தினார். எரிந்த எண்ணெய்க்குச் சாட்சியாக ஒற்றுத்தாளையும் இணைத்தேன். இணைப்பு கறைபட்டிருப்பதாகவும் சுத்தமான நகல் அனுப்பும்படியும் பதில் வந்தது.

கேட்டில் காரை விரட்டியதைச் சின்ன துரையிடமே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்து அவர் அறைக்குப் போனேன். என் உத்தியோகம் அன்றோடு போகலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் கோபப்படவில்லை. “ஆமாம், நான்தான். அப்படித்தானே புறப்பட வேண்டும்? அதனாலா கெட்டது?” என்று நிஜமாகவே வருந்தினார். எழுதித் தருவதாகச் சொன்னார். அந்த வாரமே ஆறு மாத விடுப்பில் கப்பலேறினார். எழுத மறந்துவிட்டார். வேண்டுமென்று மறந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: கியர் பாக்ஸைத் திறப்பது. அனுமதி கேட்டேன். திருட்டு வழக்கில் வண்டி ஒரு சாட்சிப் பொருள், யாரும் தொடக்கூடாது என்றார்கள். திறக்காவிட்டால் திருட்டு இல்லை என்று காட்ட முடியாது. திருட்டு இல்லை என்று காட்டினால்தான் திறக்க முடியும். இப்படி ஒரு வளையத்தை மனிதன் யோசித்துச் செய்ய முடியாது. அது தானாக அமைய வேண்டும்.

மார்கழிக் கடைசியில் வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பு வந்தது. அதற்கு ஒரு தனிப் புத்தகம் உண்டு. அதில் நாலாம் பத்தி: வளாகத்தில் உள்ள எந்தப் பெட்டியையும் மூடியபடி எண்ணக்கூடாது, திறந்து, உள்ளிருப்பதை எண்ணி எழுத வேண்டும். ஆணிப் பெட்டிகளுக்காக எழுதியது. எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அன்று படிக்கும்போது ‘பாக்ஸ்’ என்ற சொல்லில் கண் நின்றது. ஓடிப்போய் மேஸ்திரியிடம் கேட்டேன்.

“கியர் பாக்ஸ் ஒரு பாக்ஸ்தானே?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வூட்ல ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

விளக்கினேன். அவர் பீடியைக் காலில் போட்டுத் தேய்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

அன்றைய தினமும் மறுநாளும் ஆயிற்று. பாகங்களைக் கழற்றி, செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்தார். நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, “யோவ் ரைட்டரே, இங்க வா” என்றார். உள்ளே வட்ட வட்டமாகத் தட்டுகள் இருந்தன. உளுந்தப்பளம்போல் மெல்லிசு, சட்டியில் விட்டு மறந்த அப்பளம்போல் கருப்பு. சில ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“இது என்ன?”

“கிளச்சு.”

“இதில் கிளச்சே இல்லையே!”

“மிதிதான் இல்ல. தட்டு எண்ணெய்க்குள்ள முங்கிக்கினு கீது. தானே புடிக்கும், தானே வுடும். ஒண்ணு காணோம்னு குதிச்சானுங்களே, இதோ எண்ணிக்க. பதினொண்ணு கீது.”

கற்றவன் என்ற பெருமையோடு நான் எழுதிய அந்தச் சொல் தப்பாகப் படிக்கப்பட்டது என்றுதான் அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எழுதும்போதே பொய்யாக இருந்திருக்கிறது.

வேலைநீக்கத்தில் இருப்பவர் வளாகத்துக்குள் வரக்கூடாது. ஆகவே மறுநாள் எட்டு மணிக்கு மேஸ்திரி ஒரு கருகிய தட்டைக் கந்தலில் வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கம்பி வழியாக நீட்டினார். டிரைவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார், விரலால் தடவினார்.

“பாவம், எப்பிடி வெந்துகீது பாரு” என்றார். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மேஸ்திரி தம் கையாலேயே தமிழில் அறிக்கை எழுதினார்: பாகம் எதுவும் களவு போகவில்லை, நிற்கவைத்து விரட்டியதில் எண்ணெய் தீய்ந்து தட்டுகள் கருகின, இது பல தடவை செய்தால்தான் வரும், ஒன்றிரண்டில் வராது. நான் மொழிபெயர்ப்பை மட்டும் தட்டச்சு செய்தேன். இருப்புச் சரிபார்ப்புக் கணக்கோடு இரண்டும் கல்கத்தா போயின. தை போயிற்று. மாசியும் போய்க்கொண்டிருந்தது. அவர் தினமும் வந்து கையெழுத்துப் போட்டார். சில நாள் என் ஜன்னலைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், இல்லையென்று.

ஒருநாள் பத்து மணித் தபாலில் அந்த நீளக் கவர் வந்தது. மூன்று பத்தி. முதல் பத்தி: கிளச்சு வண்டியிலேயே இருப்பது தெரியவந்ததால் திருட்டுக் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, ஓட்டுநர் குற்றமற்றவர், உடனே பணியில் சேரலாம். இரண்டாம் பத்தி: முறையற்ற வகையில் வண்டி ஓட்டுவதுபற்றி அதிகாரிகளுக்குத் தனிச் சுற்றறிக்கை வரும். மூன்றாம் பத்தி: பதிவேட்டில் கிளச்சு ஒன்று என்றிருக்க, இருப்பில் பதினொன்று காணப்படுவதால், உபரியான பத்தும் கம்பெனிக்கு எவ்விதம் வந்தன என்பதற்குக் குமாஸ்தா விளக்கம் தர வேண்டும். அந்த விளக்கத்தை நான் இரண்டு வருஷம் எழுதினேன்.

ராயபுரத்துக்கு ஆளனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் சட்டைப் பொத்தான்கூட நேராகப் போடாமல் வந்து நின்றார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, என்னிடமே திருப்பித் தந்தார்.

“இங்க படிக்காத. அங்க வந்து படி.”

டீக்கடைக்குக் கூட்டிப்போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெஞ்சு நிறைய லாரிக்காரர்கள். எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

“மொதல்ல இங்கிலீசுல படி ரைட்டரே. அவன் எயுதுனது எயுதுனாப்புலயே. அப்பால தமிழ்ல சொல்லு.”

முதல் பத்தியை ஆங்கிலத்தில் படித்தேன். ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் யாரும் டம்ளரை வாயில் வைக்கவில்லை. பிறகு தமிழில் சொன்னேன். மூர் மார்க்கெட் பேச்சுப் பேசியவன் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான். “குந்து மாமு” என்றான். அவர் உட்காரவில்லை.

“மேல தேதி போட்டுக்கீதா?”

“அது அவங்க எழுதின தேதி.”

“அது வோணாம். இது நம்ப கைக்கு வந்த தேதி இன்னிக்கித்தானே? அத்தயும் படி. அல்லாரும் கேக்கட்டும்.”

கடிதத்தின் மூலையில், தபால் பெற்றதற்கான முத்திரையை நான் காலையில் குத்தியிருந்தேன். சத்தமாகப் படித்தேன்: மார்ச் பதினொன்று, புதன்கிழமை.